என் வாயால் வந்த பதில்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தேத்தண்ணி ஊற்றுவதும் கதவு திறப்பதும்தான் என் உத்தியோகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிவிட்டோம். அப்படிப்பட்ட என்னைப் போய்க் கம்பெனி மொழிபெயர்ப்பாளனாக்கியது.

லீவு கேட்க, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் திருத்தக் கேட்க, எல்லாவற்றுக்கும் ஆபீஸ் வாசலில் சிலேட்டு மாதிரி ஒரு டெப் கம்ப்யூட்டர் வைத்தார்கள். கேள்விகள் இங்கிலீசிலும் சிங்களத்திலும் இருந்தன. தமிழுக்கான கட்டம் மட்டும் காலி. கொழும்பிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மாத்தயா, தேத்தண்ணி கொண்டுபோன என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா கதைக்கிறது தானே. இது தமிழ்ல சொல்லுங்க."

அவர் ஒவ்வொரு வரிக்கும் சிங்களத்தில் அர்த்தம் சொல்ல, நான் அவருடைய போனைப் பார்த்துத் தமிழில் பேசினேன், போன் எழுதிக்கொண்டது. 'விவரம் போதாது, திருப்பி அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி. சனங்களுக்கு மனம் நோகக் கூடாதென்று அதை, "கோவிச்சுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் வெளங்குற மாதிரி சொல்லுங்க" என்று மாற்றினேன். அன்றைக்கு எனக்கிருந்த திமிருக்குப் பெரிய துரையே எனக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா. காற்றில் அவர் அடுப்புக்கு மேலிருந்த தகரம் பறந்துவிட்டது; மழைக்கு முன் புதுத் தகரம் வேண்டும். தமிழில் கேள்வியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, டெப்பிடம் தமிழிலேயே பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் அக்கா கேட்டது திரும்பி வந்தது. கோவிச்சுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் வெளங்குற மாதிரி சொல்லுங்க.

"ஓட்டை எவ்வளவு பெருசுன்னு கேக்குறாங்களோ, தம்பி?"

அளந்து சொன்னோம். திரும்பி வந்தது. விறகு நனைவதையும் பிள்ளை இருமுவதையும் சொன்னோம். அதுவும் திரும்பி வந்தது.

மாத்தயாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"நீங்க செஞ்சது கேள்விக்கு மட்டும் தானே. பதில் அப்படியே தமிழ்ல போகும். மேல ஆபீஸ்ல இருக்கிற சேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் திருப்பி அனுப்புற பட்டனை அமத்துறார்."

"பதிலையும் சிங்களத்துக்கு மாத்த முடியாதுங்களா, மாத்தயா?"

"அது வேற வேலை. மேல சொல்லி இருக்கு."

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பொறுக்கிய சிங்களத்தில் அக்காவுக்காக நானே பேசி அனுப்பினேன். இந்த முறை திரும்பவில்லை. வேறொரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது: "அவசரப்படாதீங்க, பாத்துக்கிட்டு இருக்காங்க." அதுவும் நான் சொன்னதுதான்.

மழை தொடங்கிவிட்டது. அக்கா தினமும் காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் வழியில் வந்து அந்த வரியைப் பார்ப்பார். ஒரு நாள் என் பக்கம் திரும்பினார்.

"கம்பெனிக்காரன் பேசுற மாதிரி இருந்தா திட்டிட்டுப் போயிருவேன். இது நம்ம லயத்து ஆளு பேசுற மாதிரியே இருக்கு. யாரத் திட்டுறது?"

"என்னத் திட்டுங்கக்கா. அது என் வாய்தான்."

"அப்ப சொல்லு. பாத்துக்கிட்டு இருக்காங்கன்னியே, யாரு பாக்குறா?"

தேத்தண்ணிக்குத் தண்ணீர் பிடிக்கும் ஆபீஸ் வாளியை எடுத்து நீட்டினேன்.

"ஒழுகுற இடத்துல ஏற்கெனவே ரெண்டு வச்சிருக்கேன்" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார்.