சூலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய வெள்ளிக்கிழமை

சில வருடங்களுக்கு முன், மெர்போக் பக்கம் ஒரு தனியார் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்க்காக, குலை வெட்டிக்கொண்டிருந்தேன். பாடாங் செராயில் கையுறைத் தொழிற்சாலை, கோலா கெத்திலில் ரப்பர் பால்மரம் சீவல், அப்புறம் இங்கே. எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது.

தோட்ட முதலாளி ஓடையை மறித்து மண்கரை போட்டு மீன் வளர்த்தார். கரைக்குக் கீழே பள்ளத்தில் வேலையாட்களின் வீடுகள். அதில் ஒரு வீட்டு அக்காதான் எனக்குச் சோறு போட்டாள்.

கரைச் சரிவில் ஒரு கரையான் புற்று வளர்ந்திருந்தது. யாரோ மஞ்சள் துணி சுற்றிச் சூலம் நட, அது நாகம்மா கோயிலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் பால், முட்டை. புற்றுக்கு நேர் கீழே தண்ணீர் கசிந்தது. அதைத் தீர்த்தம் என்று போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கரையான் குடைந்தால் கரைக்குள் ஓட்டைதானே? வயல் வாய்க்காலில் மண் சுமந்த காலத்தில் ஒரு கரை அப்படிப் போனதை நேரில் பார்த்தவன் நான். முதலாளியிடம் சொன்னேன்.

"புத்த இடிக்கச் சொல்றியா? நீ ஊர் ஊரா திரியிறவன், நாளைக்குப் போயிடுவ. சாமிக்குத்தம் எனக்குத்தான் லா!"

"இடிக்க வேணாம் பாஸ். தண்ணியாவது கொஞ்சம் இறக்கி விடுங்க."

"மீன் போயிடும்."

இதற்கு மேல் மனுஷன் என்ன பேசுவது?

அந்த வாரம் மழை விடவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் சற்று ஓய்ந்ததும் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு பூசைக்குக் கூடிவிட்டார்கள். விரல் பருமனில் வந்த கசிவு மணிக்கட்டுப் பருமனாகியிருந்தது. நிறமும் மஞ்சள். கரையின் மண்ணே கரைந்து வருகிறது! அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா தம்பி, அம்மா மஞ்ச குளிச்சிட்டா!"

"அது மஞ்ச இல்லக்கா, மண்ணு! பிள்ளைங்கள தூக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க!"

"பூச நேரத்துல வாய மூடிக்கிட்டு இரு லா."

கத்தினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சூடம் ஏற்றினார். எரிச்சல் தலைக்கேறிவிட்டது. சூலத்தைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுச் சாலையைப் பார்த்து ஓடினேன்.

"டேய்! சாமிய தூக்கிட்டு ஓடுறான்டா!"

சொல்லுக்கு அசையாத சனம் சூலத்துக்கு அசைந்தது. ஆண்கள் முன்னால், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் பின்னால், நான் உதை வாங்குவதைப் பார்க்கச் சிறுசுகள் எல்லோருக்கும் பின்னால்.

சாலையில் பிடித்துவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஓர் அறை விட்டார். இரண்டாவதுக்குக் கை ஓங்கியபோது, லாரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பினோம். புற்றைக் காணோம். பாதிக் கரையையும் காணோம். அக்காவின் வீட்டுத் தகரக் கூரை சேற்று வெள்ளத்தில் சுழன்று போய்க்கொண்டிருந்தது. அக்கா பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள்.

நன்றி சொன்னார்களா? "அம்மாதான் உன் மேல எறங்கி எங்கள காப்பாத்துனா" என்றார்கள். அப்படியானால் அம்மாவையா அறைந்தீர்கள் என்று கேட்டேன்.

முதலாளி அதே இடத்தில் மறுபடியும் கரையும், கீழே அதே பள்ளத்தில் வீடுகளும் கட்டியிருக்கிறார். இந்த முறை கரை மேல் சிமெண்டில் ஒரு கோயில். இப்போது நான் எந்த ஊரில் இருந்தாலும், விடாமல் மழை பெய்தால் அக்காவுக்குப் போன் போடுகிறேன். கசிகிற தண்ணீர் தெளிவா, கலங்கலா என்று நான் கேட்டால், "நீ மொதல்ல சாப்டியா?" என்கிறாள். அறையின் வலி அன்றைக்கே போய்விட்டது. அவள் தண்ணீரின் நிறத்தைச் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காததுதான் இன்னும் போகவில்லை.