நன்றியுரையார்

"...இந்த இனிய மாலைப் பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருந்த மின் அலுவலகத்தாருக்கும்..." என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்து, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் மாட்டிவிடுகிறார். வந்தவர் திகைத்துப்போய், "என்னங்க சொல்றீங்க?" என்கிறார்.

"ஒண்ணுமில்ல, ப்ராக்டீஸ். இப்ப அந்தக் கடைசி வரி தெரியுதா பாருங்க."

கடைவீதியில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஊரின் சேவைச் சங்கத்தில் அவருக்குப் பெயர் நன்றியுரையார். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பேசித் தீர்த்து, கூட்டத்தில் பாதிப்பேர் நாற்காலிக்கு அடியில் செருப்பைக் காலால் துழாவத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு மைக் வரும். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணை மூடிக்கொள்வார். மேடை போட்டவர், மேடை போட மரம் தந்தவர், பந்தலில் ஒதுங்கிப் படுத்திருந்த நாயை விரட்டியவர் என்று ஒருவரையும் விடமாட்டார். ஒருமுறை வராமல் இருந்த மழைக்கும் நன்றி சொன்னார். "ஒருத்தர் பேர் விட்டுப்போச்சுன்னு வைங்க, அவர் மனசு என்ன பாடுபடும்?" என்பது அவருடைய சித்தாந்தம்.

"ஊர்ல இருக்கற தூணுக்கெல்லாம் நன்றி சொல்லுவார். வீட்ல சாப்பிட்டா தட்டை நகர்த்திட்டு எந்திரிச்சுப் போவார்" என்பது அவர் மனைவியின் கட்சி.

அவருக்கென்று ஓர் ஆசை உண்டு. ஒரே ஒரு வருடமாவது கூட்டத்தைத் தொடங்கிவைக்கிறவராக இருக்க வேண்டும். அதாவது, தலைவர். இப்போதைய தலைவரான ஜவுளிக்கடை முதலாளி ஒருநாள் அவர் தோளில் கைபோட்டு, ஓரமாக அழைத்துப்போனார். "அந்த பஸ் பார்ட்ஸ் ஃபாக்டரி ஓனரை நம்ம சங்கத்துல சேத்துடணும். அவர் ஃபாக்டரிக்கு நாம போற விசிட்டே அதுக்குத்தான். நல்லபடியா முடிச்சுக் குடுங்க. அடுத்த வருஷம் நீங்கதான்."

அன்று முதல் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் தொழில் வளர்ச்சி பற்றிய சில வரிகளைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணாடி போட்டுக்கொள்ள முடிந்தது.

புறப்படும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஏங்க, அந்த ஃபாக்டரிலதான் என் தம்பி வேலை பாக்கறான். பாத்தா ஒரு வார்த்தை பேசுங்க."

"ப்ரோக்ராம்ல அதெல்லாம் முடியாது. டைம் டைமுக்கு நடக்கும்."

"ஒரு வார்த்தைதானே. என்ன ஆயிடப் போகுது?"

அவர் சட்டையை வாங்கிக்கொண்டார். என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடையைப் பெரிதாக்கித் திறந்த நாளில் மச்சினன் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். நீலச் சீருடையும் நகத்தில் கிரீஸுமாக நின்று, விருந்தாளிகளுக்கெல்லாம் நாற்காலி தூக்கிப் போட்டான். "யாரு சார் இவர், ரொம்ப சுறுசுறுப்பா இருக்காரே?" என்று சங்கத்துச் செயலாளர் கேட்டார். நன்றியுரையார் ஒரு கணம் அந்தச் சீருடையைப் பார்த்தார். "தெரிஞ்சவர்" என்றார். மச்சினன் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் அவன் தலை தெரியவில்லை. போன் செய்தால், "கோவமெல்லாம் ஒண்ணுமில்லக்கா, டூட்டி டைட்டு" என்பான். அவளும் எத்தனை காலம்தான் அதை நம்புவதுபோல இருப்பாள்?

சங்கத்தார் வேனில் போனார்கள். அத்தனை பேரில் கடைசியாக எப்போது பஸ்ஸில் ஏறினோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பொருளாளரின் மடியில் பரிசுப்பொருள்: சங்கச் சின்னம் பொறித்த சுவர்க் கடிகாரம். சங்கு ஊதினால் உள்ளே வந்து, சங்கு ஊதினால் வெளியே போகிறவர்களுக்குச் சங்கம் தேர்ந்தெடுத்த பரிசு அது.

வாசலிலேயே எல்லாருக்கும் மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். சாயம் அடித்த தலைகள் கொஞ்சம் தயங்கி, பிறகு பணிந்தன. மேனேஜர் முன்னால் நடந்தார். உள்ளே இரைச்சல். இரும்புக் குழாய்கள் வளைந்து கைப்பிடிக் கம்பிகளாயின, தகடுகள் படியாயின. பொருளாளர் மேனேஜரின் காதருகே போய்க் கத்தினார். "சார், பஸ் எங்க நிக்குது?"

"பஸ் இங்க செய்யறதில்ல சார். சீட்டு, கம்பி, கதவு, அவ்வளவுதான்."

"அப்ப பஸ் பாக்க முடியாதா?" பொருளாளரின் முகம் விழுந்துவிட்டது.

சீட் பிரிவுக்குள் நுழையும்போது நன்றியுரையார் கூட்டத்தின் நடுவுக்குப் போய்ப் பதுங்கிக்கொண்டார். வீண் வேலை. மேனேஜர் நேராகப் போய் மச்சினனின் முன்னால்தான் நின்றார். "இவர் இந்த செக்‌ஷன்ல சீனியர். இவரே சொல்லுவார்."

மச்சினன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்த கண், நன்றியுரையாரிடம் வந்தபோது நிற்கவே இல்லை, அடுத்தவருக்குப் போய்விட்டது. "வாங்க சார், எல்லாரும் வாங்க. உக்காந்து பாருங்க. ரெண்டு பேர் சீட்டு இது. மூணு பேர் உக்காருவாங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறோம்."

சிரித்தார்கள். தலைவர் உட்கார்ந்து பார்த்தார். நன்றியுரையாருக்கு மூச்சு வந்தது. நல்ல பிள்ளை, காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் மச்சினன் அவர் பக்கம் திரும்பினான்.

"சாரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"கடைவீதில கண்ணாடிக் கடை இவரோடதுதான்" என்றார் தலைவர், பெருமையாக.

"அப்படிங்களா! எங்க அக்கா வீட்டுக்காரரும் கண்ணாடிக் கடைதான் வெச்சிருக்கார். பெரிய ஆளு சார். நாலு பேர் முன்னாடி நம்மள மாதிரி ஆளுங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டார்."

"சேச்சே!" என்று தலைவர் உச்சுக்கொட்டினார். "அப்படியும் இருக்காங்களே மனுஷங்க. நாலு காசு பாத்துட்டா சொந்தம் மறந்துடுது." நன்றியுரையாரின் முதுகில் தட்டினார். "என்ன சொல்றீங்க நீங்க?"

ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. "ஆமாமா," என்றார் நன்றியுரையார். "தப்புதான்."

"தப்புங்கறீங்களா சார்?" மச்சினன் அவரை நேராகப் பார்த்தான். முகத்தில் சிரிப்பில்லை. "சரி சார்." குனிந்து மறுபடி போல்ட்டை முடுக்கத் தொடங்கினான். எத்தனையோ நாளாக அவர் ஒளித்துவைத்திருந்த உறவை, அவர் கேட்காமலே மச்சினனும் ஒளித்துவைத்துவிட்டான். அதற்கு அவர் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மற்றவர்கள் அடுத்த பிரிவுக்கு நகர்ந்த பிறகும் அந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் விழா. தொழிலாளர்களைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். தலைவர் பேசினார், முதலாளி கடிகாரத்தை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் மேனேஜரிடம் தந்தார், மேனேஜர் அதை இன்னொருவரிடம் தந்தார். நன்றியுரையாருக்கு மைக் வந்தது. கண்ணை மூடினார். முதலாளி, மேனேஜர், வாசல் காவலர், ஹெல்மெட் தந்தவர், தேநீர் தந்தவர் என்று வரிசை பிசகாமல் வந்தது. அடுத்து சீட் பிரிவு. அங்கே நின்றுவிட்டார்.

கண்ணைத் திறந்தார். நன்றியுரையில் அவர் கண்ணைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. சுவரோரம் மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"அடுத்ததாக, இருக்கைப் பிரிவில் நமக்கெல்லாம் விளக்கம் அளித்த, என்னுடைய சொந்த..."

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. கூரை அதிர ஊதியது. அவர் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. "மச்சினன்" என்று சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்து மறுபடியும் சொன்னார். சங்கு ஓய்ந்தபோது தொழிலாளர்கள் தட்டுகளை நோக்கி நகர்ந்துவிட்டிருந்தார்கள். தலைவர் சைகையால் முடிக்கச் சொன்னார். "நன்றி, வணக்கம்." இவ்வளவு சீக்கிரம் அவர் முடித்ததே இல்லை, சங்கத்தார் இதுவரை தட்டாத அளவுக்குக் கை தட்டினார்கள்.

விருந்தினருக்குத் துணி விரித்த மேசை தனியாக இருந்தது. முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியைத் தலைவர் அவருக்கென்றே பிடித்துவைத்திருந்தார். நன்றியுரையார் தட்டை எடுத்துக்கொண்டார். தலைவர் நாற்காலியைத் தட்டிக் காட்டியதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொழிலாளர்களின் நீள பெஞ்சுகளை நோக்கி நடந்தார்.

மச்சினன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இங்க இடம் இருக்கா?"

"இது என்ன பஸ்ஸா, இடம் கேட்டு உக்கார?" என்றான். பிறகு கொஞ்சம் நகர்ந்தான். "உக்காருங்க."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாருண்ணே?" என்று எதிரே இருந்தவன் மச்சினனைக் கேட்டான்.

மச்சினன் வாயில் இருந்ததை மென்று முடிக்கும் வரை நன்றியுரையார் காத்திருக்கவில்லை. "இவன் அக்காவைத்தான் நான் கட்டியிருக்கேன்" என்றார். மைக் இல்லாமலே அது மூன்று பெஞ்சுக்குக் கேட்டது. துணி விரித்த மேசைக்கு மட்டும் கேட்கவில்லை.

அங்கே தலைவர் முதலாளியிடம் உருகிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா சார், எங்க ஆளோட எளிமையை? தொழிலாளிகளோட சரிசமமா உக்காந்து சாப்பிடறார். இதான் சார் எங்க சங்கம்!" முதலாளி வியந்து தலையாட்டினார். "ரொம்ப நல்ல மனுஷன். அடுத்த வருஷம் நான் சேரறேன்." தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏய், போட்டோ! சீக்கிரம் போய் ஒண்ணு எடுங்கப்பா, பத்திரிகைக்குக் குடுக்கணும்!"

சங்கத்துப் புகைப்படக்காரர் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடிவந்து, ஒரு காலை மடக்கிக் குனிந்தார். "சார், அப்படியே இந்தத் தொழிலாளி தோள்ல கையைப் போடுங்க. லேசா சிரிங்க."

நன்றியுரையார் திரும்பாமலே, சாப்பிடாத கையை நீட்டி, காமிராவின் கண்ணை முழுதாக மூடிப் பிடித்துக்கொண்டார். மறு கை தட்டில் பிசைந்துகொண்டிருந்தது.