பக்கத்துப் பாத்திக்காரி

என் அக்காவுக்கு மார்பில் வந்த புற்றுநோய், ஆபரேஷனோடு அடங்கிவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது எலும்பில் மறுபடியும் தலைகாட்டியது. வழக்கமான மருந்து இருக்கிறது. அதோடு புது மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாகக் கேட்குமா என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பப்பட்டால் சேரலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். சேருவதா, வேண்டாமா? சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

நான் அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். செய்தி தெரிந்ததும் கிளம்பி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸைத் திட்டிக்கொண்டே போய் இறங்கினேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"உன்னைச் சோதனை எலி ஆக்கப் பாக்கறாங்க. பேசாம இருக்கிற மருந்தப் போட்டுக்கிட்டு வூட்டுல இரு."

அக்கா சின்ன வெங்காயத்தில் தாளை அரிந்து போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எலியைக் கேட்டுக்கிட்டா ஊசி போடுவாங்க? என்னைக் கேக்கறாங்கல்ல."

அவளிடம் பேசி ஜெயித்ததாக எனக்கு நினைவே இல்லை.

வெங்காயம்தான் அவர்கள் வீட்டுப் பிழைப்பு. புது ரக விதை எது வந்தாலும் ஊரில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு காடு முழுக்க நடுவார்கள். இல்லையென்றால் தொடவே மாட்டார்கள். அக்கா மட்டும் ஒரு பாத்தியில் புதுசு, அதை ஒட்டிய பாத்தியில் பழசு என்று நட்டு, நடுவே ஒரு குச்சியை ஊன்றி வைப்பாள். ரெண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், ஆசையில் புதுப் பாத்திக்கு ஒரு கூடை எரு கூடுதலாகக் கொட்டிவிட்டார் என்பதற்காக அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இனிமே அது வெளைஞ்சா வெதையினாலயா, எருவினாலயான்னு யாருக்குத் தெரியும்?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள். இதற்கெல்லாமா கோபம் என்று நான் சிரித்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பொறுமைசாலி. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும், மீதிப் பேருக்கு அதோடு புதுசும் கொடுப்போம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும், என் கையில் இல்லை என்றார். புதுசு நல்லதும் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் போகலாம், கெடுதலும் செய்யலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். சேராவிட்டாலும் வைத்தியத்தில் குறை வராது, சேர்ந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார்.

நான் வரிசையாகச் சண்டைக்கு நிற்கிற மாதிரியே கேள்வி கேட்டேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கவனிப்புதானுங்களா?"

"ஒரே கவனிப்புதாம்மா. ஒரே ஸ்கேன், ஒரே டாக்டர்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "பயமா இல்லியாக்கா?"

"பயந்தான். அந்தப் புது மருந்து எனக்குக் கெடைச்சா பேரப்புள்ளயத் தூக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல வுடற வரைக்கும் இருப்பனோன்னு ஒரு ஆசையும் இருக்கு. ஆசை இல்லேன்னு சொன்னா பொய்யி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமாவுக்கு ரெண்டு பக்கமும் மனசு அலைபாய்ந்தது. கடைசியில், "அம்மன்கிட்டயே பூப்போட்டுப் பாத்துருவோம்" என்றார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பது, போர்வெல் போடுவது என்று பெரிய காரியம் எதற்கும் இது உண்டு. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. நானும் உடனே சரி என்றேன். சிவப்பு வந்துவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

சிறுவாச்சூர் அம்மன் கோவிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். வெள்ளிக்கிழமை போனோம். கூட்டத்தில் இடிபட்டு, சன்னிதியில் நின்று, மாமா மடியிலிருந்து பொட்டலங்களை எடுத்தார். அக்கா கையை நீட்டி ரெண்டையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றை எடுக்கப் போகிறாள் என்று பார்த்தால், ரெண்டையும் பிரித்தாள். வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகக் கலந்து, அம்மனுக்குச் சாத்தச் சொல்லித் தட்டில் போட்டுவிட்டாள்.

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன காரியம் பண்ற?"

"அங்க எப்படியும் கம்ப்யூட்டர் பூப்போடத்தான் போவுதுங்க. சேரலாமா வேணாமாங்கறதையாச்சும் நான் சொல்றேன். இதையும் அம்மன் தலையில கட்டணுமா?" என்றாள். பிறகு அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "நான் சேர்றேன்" என்றாள். எங்களிடம் சொன்னாளா அம்மனிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. என் அக்காவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவளை அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். அக்கா காதில் வைத்து, "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டு கீழே வைத்தாள்.

"பழசு மட்டும்தானாம்."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கா இவ்வளவு அலைச்சல்? புதுசு கெடைக்கலேன்னா விலகிட்டு வா. எவளுக்கோ உபகாரம் பண்ண நீ ஏன் ஒவ்வொரு தடவையும் அவ்ளோ தூரம் போயி ரத்தம் குடுக்கணும்?"

அக்காவுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. ஆசைப்பட்டாளே. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பழைய பாத்தி இல்லாம புதுசு ஒசத்தியா தாழ்வான்னு எதை வச்சுடி சொல்லுவ? நான் பழைய பாத்தி. பாதியில புடுங்கிட்டு வந்தா அந்தக் குச்சிய எதுக்கு ஊனணும்?"

எரு கொட்டியதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் இவள்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காட்டில் ஒரு நியாயம், தன் உடம்பில் ஒரு நியாயம் என்று அவளுக்குக் கிடையாது. இந்த நேர்மை எனக்கு வராது. என் அக்காவுக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது.

இன்னும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறாள். ஒரு ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஒரு ஸ்கேன் பயமுறுத்துகிறது. போன வெள்ளிக்கிழமை அவளோடு மறுபடி சிறுவாச்சூர் போயிருந்தேன். சன்னிதியில் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வெளியே வந்து தேங்காய் உடைத்த கையோடு கேட்டேன்.

"அப்படி என்னக்கா வேண்டிக்கிட்ட?"

"பக்கத்துப் பாத்திக்காரிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு."

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. புது மருந்து கிடைத்த யாரோ ஒருத்தியைச் சொல்கிறாள். எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ.

"உனக்கு வேண்டிக்கலியா?"

"எனக்குத்தான் நீயும் மாமாவும் இருக்கீங்கல்ல. அவளுக்கு வேண்டிக்க ஆள் இருக்கோ இல்லியோ."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். "நீ போயிட்டே இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நான் மறுபடியும் வரிசையில் போய் நின்றேன். இருவருக்குமாக வேண்டிக்கொண்டேன்.