கன்னியம்மாள் வாய் வைத்த ஒயின்

அடி அண்ணாமலை கிராமத்துக் கன்னியம்மாள், செங்கம் சாலையில் சக்கரவர்த்தியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தது 1974 ஜூன் 3, திங்கட்கிழமை. அப்போது அவளுக்கு வயது இருபத்தேழு. புருஷன் பாம்பு கடித்துச் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அக்கா ஜோதியம்மாள் வீட்டில் ஒண்டியிருந்தாள்.

சக்கரவர்த்தி ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். தண்ணீரோ காப்பியோ, அந்த வீட்டில் எதையும் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். டம்ளரில் உதடு பட்டால் எச்சில், தீட்டு. வெள்ளைக்காரர்கள் வாய் வைத்துக் குடிப்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவை வாடகை தருகிற வாய்கள்.

1976 மே 14, வெள்ளிக்கிழமை. கன்னியம்மாளுக்குப் பிடரியில் கட்டி வந்து கழுத்து அசையவில்லை. கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு முப்பத்தெட்டுக் குடம் சுமந்து ஏற்றியிருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்ணாந்தால் உயிர் போகிற வலி. பானையோரம் இருந்த டம்ளரை எடுத்து, வாய் வைத்தே குடித்துவிட்டாள்.

"ஏய்!" என்று ஒரு சத்தம். சக்கரவர்த்தி நின்றிருந்தார். அடுப்படிக்குப் போய் இடுக்கியை எடுத்து வந்தார். செத்த எலியைத் தூக்குவதுபோல அந்த டம்ளரைத் தூக்கினார். வாசல் வரை கொண்டுபோய், கேட் தூணில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். மாடியிலிருந்து நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். சாலையில் போனவர்களும் நின்றார்கள்.

"இனிமே உனக்கு அதான். தண்ணி வாணும்னா கேட்டாண்ட போயி குடி. ஊருக்கே தெரியட்டும்."

"கட்டிங்கய்யா. கழுத்து திரும்பல."

"கழுத்துதான திரும்பல? புத்தியுமா?"

கன்னியம்மாள் அழவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய் அக்காவிடம் ஒன்றுதான் சொன்னாள். "நான் வாய் வெச்ச எடத்துல அந்த ஆளு வாய் வெக்கணுங்கா. நாலு பேரு பாக்க வெக்கணும். அதுக்குள்ள நான் சாவ மாட்டேன்."

"வேலைய உட்டுட்டு வாடி. வேற வீடா இல்ல?"

"உட்டுட்டு வந்தா யாராண்ட தீத்துப்பேன் என் பழிய?"

வேலையை விடவில்லை. ஒரு நாள்கூட லீவு போடாமல் அந்த வீட்டைப் பெருக்கினாள், மெழுகினாள், துவைத்தாள். தாகம் எடுத்தபோதெல்லாம், கேட்டோரம் தனக்கென்று வைத்திருந்த பானைக்குப் போனாள். கிரிவலம் வருகிறவர்கள், தர்மத் தண்ணீர் என்று நினைத்து அந்த டம்ளரைத் தொடப் போவார்கள். சக்கரவர்த்தி உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்: "அத்தத் தொடாதீங்க, வேலக்காரி எச்சில்!" ஒவ்வொரு முறையும் அது அவள் காதில் விழுந்தது.

நடு அறைக்கு 1977 ஆகஸ்டில் ஒரு பிரெஞ்சு அம்மாள் வந்தாள். லூசியென் என்று பெயர். கன்னியம்மாளுக்கு லூசிம்மா. வயது அறுபதுக்கு மேல். அவளுடைய தமிழில் இறந்த காலம் கிடையாது. எல்லாம் இப்போதே நடக்கும். மதுவிலக்குக் காலம்தான் என்றாலும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெர்மிட் உண்டு. மாதம் ஒருமுறை பாண்டிச்சேரி போய் இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவருவாள். அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று அதில் ஒன்றைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கன்னியம்மாள் கையில் கொடுத்தாள்.

கன்னியம்மாள் அதை முந்தானையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். தக்கையைக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினாள். செம்பில் ஊற்றி, அண்ணாந்து வாயில் விட்டாள். நேராகத் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறியது. ஒரே புளிப்பு. மிச்சத்தை மறுநாள் கெளுத்தி மீன் குழம்பில் கொட்டிவிட்டாள்.

"கன்னிமா, ஒயின் எப்படி இருக்குது?" என்று லூசியென் கேட்டாள்.

"மீன் கொழம்புக்கு நல்லா இருந்திச்சி லூசிம்மா. புளி மிச்சம்."

லூசியென் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்து கதவைத் தாழிட்டாள். தன் பெட்டியிலிருந்து காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து, இரண்டு விரற்கடை ஊற்றி நீட்டினாள். கன்னியம்மாள் வழக்கம்போல அதைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இல்லை, இல்லை. மூக்கு உள்ளே. அப்புறம் வாய்."

"வாய் வெக்கணுமா?"

"வாய் வைக்கலைன்னா ஒயின் பேசாது."

"வாய் வெச்சா எங்க ஐயா இடுக்கி எடுத்தாருவாரு," என்றாள் கன்னியம்மாள். ஆனாலும் வைத்தாள்.

ஒரே நாளில் எதுவும் பிடிபட்டுவிடவில்லை. முதலில் வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த துவர்ப்புதான் தெரிந்தது. கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாயை நாக்கில் நிறுத்தி வைக்கப் பழகினாள். ஒன்பதாவது பாட்டிலில் நாவற்பழம் தெரிந்தது. பதினான்காவதில், முதல் மழை விழுந்த செம்மண். அரிசி பழையதா, புதியதா என்று மூட்டையைப் பிரிக்கும்போதே சொல்கிற மூக்கு அவளுடையது. 1978 ஜனவரி முதல் 1982 அக்டோபர் வரை, லூசியென் ஊருக்குப் போயிருந்த ஏழு மாதம் நீங்கலாக, மாதம் ஒன்றாக ஐம்பத்தொரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு கிளாஸ், அதற்கு மேல் இல்லை. கடைசி வருடங்களில் லூசியெனுக்கு எட்டாதது கன்னியம்மாளுக்கு எட்டியது. "இதுல வெயில் பூந்திருக்குது லூசிம்மா, வாணாம்," என்று மூடி வைத்துவிடுவாள். ஒயினுக்கு வெயில் ஆகாது, சூடு ஆகாது, பாட்டிலை நிற்க வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவளுக்கு அது மெய்யாகவே பிடித்துப்போயிற்று. ஆனால் உதடு கிளாஸில் படும்போதெல்லாம் கேட்டில் தொங்குகிற டம்ளர்தான் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு இல்லாமல் அவள் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

சக்கரவர்த்திக்கும் லூசியென் 1978 தொடங்கி நான்கு கிறிஸ்துமஸுக்கு நான்கு பாட்டில் கொடுத்தாள். அவர் எதையும் திறக்கவில்லை. கூடத்து ஷோகேஸில், ரேடியோவுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்தார். மேற்கு ஜன்னல் வெயில் தினமும் மூன்று மணி முதல் ஐந்தரை வரை அவற்றின் மேல் விழுந்தது. கன்னியம்மாள் வாரம் ஒருமுறை அவற்றைத் துடைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. 1982 அக்டோபரில் ஊருக்கே திரும்பும்போது லூசியென் இரண்டு கிளாஸ்களை அவருக்குக் கொடுத்தாள். அவையும் ஷோகேஸுக்குப் போயின. தக்கை திருகியைக் கன்னியம்மாளுக்குக் கொடுத்தாள்.

டிசம்பரில் சக்கரவர்த்தியின் மகள் ஆதிலட்சுமிக்குப் பாண்டிச்சேரியில் ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா ராமதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஜாதகம் மாற்றப் போன இடத்தில் அவர் சாப்பாட்டோடு ஒயின் குடிப்பதைப் பார்த்த சக்கரவர்த்தி, "நம்ம வீட்லயும் எப்பவும் இருக்குதுங்க. பிரெஞ்சுக்காரம்மா கையால குடுத்தது. தெனம் ராத்திரி ஒரு கிளாஸ்," என்று அளந்துவிட்டு வந்தார். அவருடன் போயிருந்த அவர் மனைவி அடுப்படியில் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கன்னியம்மாள் நிமிரவில்லை. மறுநாள் ஷோகேஸைத் துடைக்கும்போது, கடைசியாக வந்த பாட்டிலை மட்டும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கோடை மட்டுமே பட்டது, பிழைத்தாலும் பிழைத்திருக்கும். அதை ரேடியோவுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில் படுக்க வைத்தாள். மற்ற மூன்றையும் ஜன்னல் பக்கம் நகர்த்தினாள்.

1983 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க ஒன்பது பேர் வந்தார்கள். பெண் பிடித்துவிட்டது. இலை போடும் முன் ராமதாஸ் ஷோகேஸைக் காட்டி, "என்ன சம்பந்தி, சொன்னீங்களே?" என்றார். தக்கை திருகி கன்னியம்மாளிடம்தான் இருந்தது. திறக்க அவள் அழைக்கப்பட்டாள். இரண்டு கிளாஸிலும் ஊற்றினாள். ராமதாஸ் மூக்கருகே கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டார். சக்கரவர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார்.



"இது காடிங்க, புளிச்சுப்போனது," என்றார் ராமதாஸ். "தெனம் குடிக்கிறவருக்கு இது தெரியலியா?"

சக்கரவர்த்தியின் முகம் வெளுத்தது. கன்னியம்மாள் முன்னால் வந்தாள். "மத்தத நான் பாத்துச் சொல்றங்க. லூசிம்மா எனக்குத்தான் கத்துக் குடுத்தாங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் சக்கரவர்த்தியின் கிளாஸை எடுத்து அலசினாள். இரண்டாவது பாட்டிலை முகர்ந்து தள்ளினாள். மூன்றாவதையும் தள்ளினாள். ரேடியோவுக்குப் பின்னாலிருந்து நான்காவதை எடுத்துத் திறந்து, அரைக் கிளாஸ் ஊற்றிச் சுழற்றினாள். மூக்கை உள்ளே விட்டாள். பிறகு எல்லோரும் பார்க்க, விளிம்பில் வாய் வைத்து ஒரு வாய் குடித்தாள்.

"கொஞ்சம் தளந்திருக்குது. நாவப்பழ வாசன இன்னும் போவல. சாப்பாட்டுக்கு நல்லா இருக்கும்."

ராமதாஸ் தன் கிளாஸையும் அலசச் சொல்லி, அதில் வாங்கிக் குடித்தார். புருவம் உயர்ந்தது. "அடேயப்பா! சரியாச் சொல்லிச்சே இந்தப் பொண்ணு."

கன்னியம்மாள் தான் குடித்த கிளாஸை இரண்டு கையாலும் சக்கரவர்த்தியிடம் நீட்டினாள். அவளுடைய உதட்டு ஈரம் பட்ட விளிம்பு அவர் பக்கம் இருந்தது.

"நீங்களும் குடிங்கய்யா."

"எனக்கு... டம்ளர்ல..."

"எவர்சில்வர்லயா?" ராமதாஸ் சிரித்தார். "எங்கப்பா ஒரு பிரெஞ்சு வக்கீல் வீட்டுல சமையல்காரரு. அவரு ருசி பாத்துக் குடுத்தத்தான் தொர குடிப்பாரு. உங்களுக்கு அருவருப்பா இருக்குதா சம்பந்தி?"

அந்தக் கேள்விக்கு அங்கே ஒரே ஒரு பதில்தான் இருந்தது. சக்கரவர்த்தி கிளாஸை வாங்கினார். தூக்கி ஊற்றிக்கொள்ளப் பார்த்தார். "வாய் வெக்காம ருசி தெரியாதுங்கய்யா," என்றாள் கன்னியம்மாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் வைத்தார். விழுங்கும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை. ஆறு வருடம், எட்டு மாதம், இருபத்துமூன்று நாள்.

சம்பந்தம் நிச்சயமாயிற்று. மறுநாள் காலை, இனி வரவேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அவளும் இனி அங்கே போவதாக இல்லை.

பிப்ரவரி 17, வியாழக்கிழமை, டவுன் பஸ்ஸிலிருந்து சக்கரவர்த்தி அடி அண்ணாமலையில் இறங்கி, ஜோதியம்மாள் வீட்டு வாசலில் நின்றார். ராமதாஸ் கடிதம் போட்டிருந்தார். கல்யாண விருந்துக்கு ஒயின் பார்த்து வாங்க அந்தப் பெண்ணைக் கட்டாயம் அழைத்து வர வேண்டுமாம்.

"சத்தமா சொல்லுங்கய்யா. அக்காவுக்குக் காது மந்தம்," என்றாள் கன்னியம்மாள். ஜோதியம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஒயின... நீ வாய் வெச்சிப் பாத்துச் சொல்லணுமாம். பாண்டிக்கு வரணும்."

"அதுக்குன்னு இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

"ஆமா."

"வரமாட்டங்க."

"கன்னிமா, என் பொண்ணு கல்யாணம்..."

"பொண்ணு நல்லா இருக்கட்டும். நான் வரமாட்டேன்."

அவள் உள்ளே போய் இலையில் உட்கார்ந்தாள். அவர் வந்த பஸ் 11.20-க்குத் திரும்பிப் போய்விட்டிருந்தது. அடுத்தது 1.10-க்கு. வாசலில் நிழல் இல்லை. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்.

"பாவம்டி," என்றாள் ஜோதியம்மாள்.

"ரசம் ஊத்துக்கா," என்றாள் கன்னியம்மாள்.