பரமேஸ்வரி நடக்க மறுத்த துண்டு

கிளிநொச்சி மாவட்டச் செயலகத்தில் வயலில் நிற்கும் சிறுபோக நெல்லுக்கு எந்தக் குளத்திலிருந்து இன்னும் எவ்வளவு தண்ணீர் திறப்பது என்ற கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் பத்திரிகைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. வவுனியாவிலிருந்து சட்டத்தரணி நிரோஜினி. பரமேஸ்வரியின் வழக்குத் தவணை தள்ளிப்போகும்போதெல்லாம் எனக்கு அறிவிப்பது அவருடைய வழக்கம். ஆகவே வெளியே வந்து, "இந்த முறை என்ன காரணமாம்?" என்றுதான் கேட்டேன்.

"தவணை தள்ளிப்போகேல்லை அண்ணை. அக்காதான் வரமாட்டா. விடியப்புறம் முடிஞ்சுதாம்" என்றார்.

தம் அணியினரால் பரமேசக்கா என்று அழைக்கப்பட்ட இராமையா பரமேஸ்வரி, வன்னியில் மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் பல ஆண்டுகள் அணித் தலைவியாக இருந்தவர். வேலையில் நடந்த ஒரு பிழையை வெளியே சொன்னார். வேலை போனது. பிறகு தமக்காகப் பேச ஒரு சட்டத்தரணியைத் தேடி அலைந்தார். அவரை அறியாதவர்களுக்கு முதலில் இவ்வளவும் தெரிந்தால் போதும். அறிந்தவர்களுக்கும் அந்த அலைச்சல் முழுவதும் தெரிந்திருக்காது. நிறுவனத்தின் பெயரையும் காணி இருக்கும் ஊரின் பெயரையும் நான் எழுதவில்லை. அது அவர் கேட்டுக்கொண்டது.

மலையகத் தோட்டமொன்றிலிருந்து இனக்கலவரத்தோடு வெளியேறி, கனகராயன்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. இறுதிப் போரில் ஒரே தம்பியைத் தொலைத்தார். முகாமிலிருந்து தாயாரோடு திரும்பியபோது, வீட்டுக்குப் போகும் ஒழுங்கையை மறித்து மிதிவெடி எச்சரிக்கை நாடா கட்டியிருந்ததாம். "ஆரோ வந்து எங்கட வளவைத் துப்புரவாக்கித் தரட்டும் எண்டு எவ்வளவு நாளைக்குப் பாத்துக்கொண்டிருக்கிறது? அதுதான் நானே அந்த வேலைக்குப் போனனான்" என்று பிறகு எனக்குச் சொன்னார்.

நான் அவரை முதலில் சந்தித்தது, மிதிவெடி அகற்றும் பெண்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன இடத்தில். எனக்கும் கவசமும் முகமறைப்பும் மாட்டி, துப்புரவாக்கிய ஒற்றையடிப் பாதையால் தமக்குப் பின்னால் வரச் சொன்னார். படம் எடுக்க வெளிச்சம் தேடி நான் ஓரமாக ஒரு கால் வைத்துவிட்டேன்.

"அண்ணை! அசையாதேங்கோ!" அந்தக் குரலில் மரியாதையும் இருந்தது, அறைந்ததுபோல ஓர் அடியும் இருந்தது. "இப்ப மற்றக் காலைத் தூக்காதேங்கோ. குனிஞ்சு உங்கட அடியைப் பாருங்கோ. தெரியுதோ? வந்த அடியிலயே திரும்பி வாங்கோ."

திரும்பி வந்தேன். பெண்கள் சிரித்தார்கள். "பேப்பர்க்காரர் போயிட்டா எங்களைப் பற்றி ஆர் எழுதுறது?" என்று அவரும் சிரித்தார். ஆனால் அன்று முழுவதும் என்னை மறுபடி அந்தப் பாதையில் விடவில்லை.

காணியைக் கையளிக்கும் நாளில் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அணி முழுவதும் கவசங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு, ஒரு கை எட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று, காணியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடப்பார்கள். காணிக்காரர் வேலியோரம் நின்று பார்ப்பார். சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும், சனம் நம்புவது அந்த நடையைத்தான். அது முடிந்த பிறகே உழவு யந்திரத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்துக்குக் கீழே உள்ள வயற்காணியில் அந்த வருடம் மழை முந்திவிட்டது. வாய்க்காலோரத் துண்டு ஒன்று வேலை முடியுமுன் தண்ணீருக்குள் போனது. வெள்ளம் மேட்டு மண்ணைக் கொண்டுவந்து அதன்மேல் படிய விட்டது. மண் புதிதாகப் படிந்தால் முன்பு தேடிப் பார்த்த ஆழம் போதாது, வெடி இன்னும் கீழே இருக்கலாம். தண்ணீர் வற்றிய பிறகு மீண்டும் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆனால் கையளிப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. கொழும்பிலிருந்து விருந்தினர்களுக்கும் சொல்லியாயிற்று.

"விழா முடியட்டும், பிறகு பாப்பம்" என்றாராம் வேலைத்தளத்துக்குப் பொறுப்பான முகாமையாளர்.

"கையளிச்சாப் பிறகு ஆர் சேர் பாக்கிறது?" என்று கேட்டாராம் பரமேஸ்வரி.

அந்தத் துண்டும் முடிந்ததாகவே வரைபடத்தில் காட்டப்பட்டது.

விழாவுக்கு நான் செய்தியாளனாகப் போயிருந்தேன். அணி நடக்கத் தொடங்கியது. வாய்க்காலோரத்துக்கு வந்ததும் பரமேஸ்வரி நின்றுவிட்டார். வரிசை குழம்பியது. சிலர் அவரைச் சுற்றிப் போனார்கள், சிலர் அவரோடு நின்று முகாமையாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். காணிக்காரர் செல்வராசா வேலியிலிருந்து கூப்பிட்டார்: "என்ன பிள்ளை, கால் நோகுதோ?"

"கால் நோகேல்லை அண்ணை. இதுக்குள்ள நான் நடக்கமாட்டன். நீங்களும் இறங்காதேங்கோ. மாட்டையும் விடாதேங்கோ."

தமிழ் தெரியாத விருந்தினர்கள் அதையும் நிகழ்ச்சியின் ஓர் அங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த வாரமே அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். விருந்தினர் முன் கட்டளையை மீறினார் என்பது காரணம். நான் செய்தி எழுதத் தயாரானேன். அவர் என் வீட்டுக்கே வந்து மறித்தார்.

"எழுதாதேங்கோ அண்ணை. எழுதினா, நாங்கள் துப்புரவாக்கின எல்லாக் காணியையும் சனம் சந்தேகப்படும். பிள்ளையள் பள்ளிக்கூடம் போற பாதையைக்கூட நாங்கள்தான் பாத்துக் குடுத்தது. நான் பயப்பிடுறது ஒரு துண்டுக்கு மட்டும். அதைத் திருப்பிப் பாருங்கோ எண்டு சட்டத்தால சொல்ல வைக்கேலாதோ?"

அந்தக் கேள்வியோடுதான் அலைச்சல் தொடங்கியது. எனக்குத் தெரிந்த மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் நானே அழைத்துப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெடிச்சதோ தங்கச்சி?" என்றார்.

"இல்லை ஐயா."

"அப்ப சேதம் எங்கை? சேதமில்லாமல் நான் எதைக் கொண்டுபோய் நீதவானுக்குக் காட்டுறது? ஏதும் நடந்தா வாங்கோ."

பரமேஸ்வரி கதிரையை விட்டு எழுந்தார். "ஆரின்ர காலைக் கொண்டுகொண்டு வர ஐயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பியவர்போலக் கேட்டார்.

இன்னொருவர் வழக்கை ஏற்றுக்கொண்டு, மறுவாரம் கைவிட்டார். அதே நிறுவனத்தின் கட்டட வாடகை உடன்படிக்கைகளை எழுதுபவர் அவர்தான் என்பது அவருக்கே பிறகுதான் நினைவுக்கு வந்ததாம். தொழில் அலுவலகத்தில், சம்பளப் பாக்கி இருந்தால் முறைப்பாடு எடுக்கலாம் என்றார்கள். பாக்கி இல்லை. மிதிவெடி வேலைகளை மேற்பார்வை செய்யும் அலுவலகத்தில், சான்றிதழ் கொடுத்தாயிற்று, புதிதாக வெடிபொருள் ஏதும் கண்டால் அறிவியுங்கள் என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவரிடம் கேட்கப்பட்டது ஒன்றேதான்: முதலில் அது வெடிக்கட்டும்.

வேலை போனவர் வழக்கிடுவதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அது கரைந்துகொண்டிருந்தது. கடைசியாக வவுனியாவில், இலவசமாகச் சட்ட உதவி செய்யும் அலுவலகமொன்றுக்குத் தனியாகப் போனார். வாசலில் இருந்தவர் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, உள்விறாந்தையில் பெண்களோடு இருக்கச் சொன்னார். இருந்தார். மதியம் தாண்டியது. பக்கத்தில் இருந்த பெண் மடியில் வைத்திருந்த படத்தைக் காட்டி, "இது என்ர மகன். உங்கட ஆர்?" என்று கேட்டபோதுதான், தாம் காணாமற்போனவர்களின் உறவினர் வரிசையில் இருப்பது அவருக்குப் புரிந்தது. வன்னியிலிருந்து அந்த வயதில் ஒரு பெண் சட்டம் தேடி வந்தால், வேறு எதற்காகவும் வந்திருக்கலாம் என்று வாசலில் இருந்தவருக்குத் தோன்றவில்லை. பரமேஸ்வரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தம்பிக்காக அப்படிப்பட்ட விறாந்தைகளில் அவர் எத்தனையோ நாள் இருந்து பழகியவர்.

முறை வந்தபோது உள்ளே இருந்த இளம் சட்டத்தரணி, தலை நிமிராமல், "ஆரைத் தேடுறியள் அம்மா?" என்று கேட்டார்.

"ஒரு சட்டத்தரணியை" என்றார் பரமேஸ்வரி.

நிரோஜினி நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். இதை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

நிரோஜினி ஒன்றையும் மறைக்கவில்லை. "உண்மை சொன்னவையைக் காப்பாற்ற எண்டு உங்களுக்குப் பொருந்திற சட்டம் எனக்குத் தெரியேல்லை அக்கா. அநியாயமா வேலையால நிப்பாட்டினது எண்டு தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கை வேலையைப் பற்றித்தான் விசாரிப்பினம். காணியைப் பற்றி இல்லை."

"எனக்கு வேலை வேண்டாம் தங்கச்சி. நீ ஏன் நடக்கேல்லை எண்டு அங்கை ஒருத்தர் என்னைக் கேக்கவேணும். நான் சொல்லவேணும். அதை அவை எழுதவேணும். அவ்வளவுதான்."

"அதைக் கேக்க என்னால ஏலும்" என்றார் நிரோஜினி. காலக்கெடுவுக்குள் வழக்குப் பதிவாயிற்று.

பிறகு வந்தவை தவணைகள். ஒருமுறை நிறுவனத்தின் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வரவில்லை. ஒருமுறை மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஒருமுறை சபைத் தலைவர் மாற்றலாகிப் போனார், எல்லாம் முதலிலிருந்து. வேறு நிறுவனங்கள் அவரை எடுக்கவில்லை. அயலுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தார். பழைய அணியினருக்கு அவரோடு கதைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது. கிளிநொச்சிச் சந்தையில் அவரைக் கண்டு ஒருத்தி தெருவின் மறுபக்கம் போனதை நானே பார்த்தேன். ஊரில் சிலர், "நடக்கமாட்டாதவ போறா" என்று அவர் காதுபடச் சொன்னார்கள். "ஓம், பஸ்ஸிலதான் போறன்" என்று திருப்பிச் சொல்வார். வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுவார் என்று தாயார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்கிடையில் வயிற்றில் நோய் கண்டது. கண்டபோதே பிந்திவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். எல்லாவற்றையும் காலத்தோடு செய்ய வேண்டுமென்று நின்றவருக்கு இப்படியொன்று.

கடைசித் தவணைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தார். புறங்கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். நிரோஜினி பெயர், ஊர், வேலை என்று கேட்டுக்கொண்டு போய், கையளிப்பு நாளுக்கு வந்தார். "அன்று நீங்கள் ஏன் தொடர்ந்து நடக்கவில்லை?"

பரமேஸ்வரி நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். காணியின் நிலைமை இந்த விசாரணைக்குச் சம்பந்தமற்றது என்பது ஆட்சேபம். அதற்கான கட்டளையை அடுத்த தவணையில் தருவதாகச் சபைத் தலைவர் சொன்னார். கேள்வி பதிவில் இருக்கிறது. பதில் இல்லை.

பஸ் தரிப்பிடத்தில் இருந்தபோது கேட்டார்: "அடுத்த தவணைக்கு நான் இல்லாட்டி அந்தக் கேள்வியை ஆரிட்டக் கேப்பினம் அண்ணை?" பிறகு, "நான் செத்தாப் பிறகு எழுதுங்கோ. ஊரின்ர பேரையும் நிறுவனத்தின்ர பேரையும் போடாதேங்கோ" என்றார். அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

செத்த வீட்டில் தாயார் யாருடைய கையையும் பிடித்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "பொய் சொல்லத் தெரியாத புள்ளயப் பெத்துட்டேனே சாமி." பழைய அணி வந்திருந்தது. தடையை மீறித்தான் வந்திருக்க வேண்டும். பாடையைத் தூக்கியபோது அந்தப் பெண்கள் பின்னால் நடந்தார்கள், ஒரு கை எட்டும் இடைவெளியில், ஒழுங்கையின் அகலத்துக்கு வரிசையாக. யாரும் சொல்லி அப்படி நடக்கவில்லை. வேலைப் பழக்கம். சுடலைக்குப் போகும் வழியில் பெண்கள் அதற்கு மேல் போகாத முடக்குத் திருப்பம் வந்ததும், வரிசை அப்படியே நின்றது.

நிரோஜினி அவர்களிடம் போனார். இறந்தவருக்கு வேலையைத் திருப்பிக் கேட்க முடியாது, வழக்கில் மிச்சம் என்ன நிற்கும் என்று பார்க்க வேண்டும், நின்றால் சாட்சி வேண்டும் என்றார். பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சந்தையில் தெருவைக் கடந்து போனவர்தான் பேசினார். "எனக்கு ரெண்டு பிள்ளையள் மிஸ். கூண்டில ஏத்திக் கேட்டியளெண்டா பொய் சொல்லமாட்டன். ஆனா இப்ப ஒண்டும் கேக்காதேங்கோ." அதற்குமேல் அவரிடமிருந்து வாங்க யாருக்கு உரிமை இருக்கிறது?

மறுநாள் செல்வராசாவின் வயலுக்குப் போனேன். வாய்க்காலோரத் துண்டைச் சுற்றி, பரமேஸ்வரி சொன்னபடி, தலையில் சிவப்புப் பூசிய கட்டைகளை அவர் நட்டிருக்கிறார். கறையான் அரிக்க அரிக்க மாற்றுகிறார். "நான் இருக்கும்வரைக்கும் இந்தக் கட்டையள் நிக்கும் தம்பி" என்றார். "கனடாவில இருக்கிற மகன் காணியை வித்துப்போட்டு வரச் சொல்லுறான். வாங்கிறவன் சான்றிதழைத்தானே பாப்பான்? கட்டையை என்னெண்டு விளங்கப்படுத்திறது?"

சுற்றிலும் நெல் பச்சையாக நின்றது. நடுவில் அந்தத் துண்டில் மட்டும் கோரைப்புல், அதற்குள் ஒரு கொக்கு. வரம்பால் போய், அன்று பரமேஸ்வரி நின்ற இடத்தில் நானும் நின்றேன். தண்ணீர் அப்போதுதான் பாய்ந்திருந்ததால் ஈர மண்ணில் என் அடிகள் தெளிவாகத் தெரிந்தன. போய் வாருங்கள் பரமேஸ்வரி என்று சொல்லிவிட்டு, குனிந்து பார்த்து, வந்த அடியிலேயே திரும்பினேன்.