முப்பத்திரண்டு மார்க்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் திருத்தும் முகாம். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள். யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காக டம்மி நம்பர் போட்டு, வேறு மாவட்டத்துக் கட்டுகளைத்தான் எங்களிடம் தருவார்கள். மதியக் கட்டில் நான்காவது தாளைத் திருத்தும்போது என் பேனா நின்றுவிட்டது.

குடும்பத்தைப் பற்றி நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்ன கேள்வி. அந்தப் பிள்ளை எழுதியிருந்தது: "மை கசின் பிரதர் இஸ் ஹேவிங் எ ரைஸ் மில் இன் ஒத்தக்கடை." முந்தைய மூன்று தாள்களிலும் இதே வரி. பக்கத்து நாற்காலி ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், இந்தக் கட்டுல அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் ஒத்தக்கடையில ரைஸ் மில்லு இருக்கும் போல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரைஸ் மில்லைக் கட்டியவன் நான்.

இரண்டு வருடங்களுக்கு முன், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று ஒரு தாள் தயாரித்தேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வழக்கமாகச் செய்யும் ஐம்பது பிழைகள். இடது பக்கம் தப்பான வாக்கியம், வலது பக்கம் சரியான வாக்கியம். 'கசின்' போதும், 'பிரதர்' வேண்டாம். 'இஸ் ஹேவிங்' அல்ல, 'ஹேஸ்'. இப்படியே ஐம்பது. உதாரணம் எல்லாம் என் சொந்தக் கற்பனை. தலைப்பில் பெரிய எழுத்தில், 'இதை மனப்பாடம் செய்தால் பாஸ் நிச்சயம்' என்று வேறு போட்டேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியதும் அது மாவட்டம் தாண்டிப் போனது. பாராட்டு குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆங்கிலமே தெரியாத பிள்ளைக்கு இடதும் வலதும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. மனப்பாடம் செய் என்றேன், செய்திருக்கிறது. முதலில் படித்தது மனதில் நின்றுவிட்டது.

மற்ற மூன்று பேரும் வேறு கேள்விகளில் தேறிவிட்டார்கள். நான்காவது தாளைக் கூட்டினேன். முப்பத்தொன்று. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். கடிதத்திலும் இன்னொரு பத்தியிலும் என் இடது பக்க வாக்கியங்களுக்காக நான் வெட்டியது சரியாக நான்கு மார்க்.

எங்கள் மேசையில் திருத்தும் தாள்களைச் சரிபார்க்கும் சீஃப், ஜெஸி மேடம். மிஷன் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் நின்றேன்.

"மேடம், இந்தத் தப்பு பிள்ளையோடது இல்ல. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இந்த நாலு மார்க்க வெட்டாம விட்டுரலாமா?"

முழுக் கதையையும் கேட்டார்.

"புரியுது சார். ஆனா ஆன்சர் கீயில உள்ளதுக்குத்தான் மார்க்கு. யாரு தப்பாச் சொல்லிக் குடுத்தாங்கன்னு பாக்க அதுல இடமே இல்லியே."

"பிள்ளை பெயிலாப் போகும் மேடம்."

"குடுங்க, நானே ஒருக்கா பாக்குறேன்."

முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் பார்த்தார். பொருத்துக பகுதியில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு மார்க் கிடைத்தது. முப்பத்திரண்டு. இன்னொரு முறை புரட்டினார். எதுவும் தேறவில்லை.

"என்னால இம்புட்டுதான் முடியும் சார்" என்று கையெழுத்துப் போட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

வில்லாபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன்: 'ஐம்பது பிழைகள் தாளை யாரும் பயன்படுத்த வேண்டாம். பிள்ளைகள் தப்பான பக்கத்தையே எழுதுகிறார்கள். தவறு என்னுடையது.' கட்டைவிரல் படங்கள் வந்தன. ஒருவர் மட்டும் பதில் போட்டார்: 'சூப்பர் சார். இந்த வருசத்துக்கும் ஒண்ணு ரெடி பண்ணிக் குடுங்க.'

புதிதாக ஆங்கில ஆசிரியராக வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை கரும்பலகையில் ஒரு தப்பான வாக்கியம்கூட நான் எழுதவில்லை. சரியானதையே எழுதினேன். பத்துத் தடவை வேண்டுமென்றால் பத்துத் தடவை.

அந்த நம்பருக்குப் பின்னால் இருந்தது பையனா, பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வழியில்லை. 'இதுக்கு இங்கிலீஷ் ஏறாது' என்று வீட்டில் திட்டியிருப்பார்கள். நான் கொடுத்ததை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எழுதியிருந்த பிள்ளை அது.