லிஃப்டுக்கு வந்த கரண்ட்

என் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. கரண்ட் இருந்தால்தான் அது ஓடும். அது ஓடினால்தான் அவருக்கு மூச்சு.

ஒரு நாள் காலையில் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். சாயங்காலம்தான் வருமாம். எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனை ஓட்டும்; அந்த மெஷினைத் தாங்காது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் மதியம் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் கடைக்குப் போன் செய்தால், "வண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசல்ல மாட்டிக்கிச்சும்மா, இப்ப வந்துடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

வெளியே லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டது. குடியிருப்பு ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குகளுக்கும் மட்டும்தான். லிஃப்டை ஒட்டி ஒரு பிளக் உண்டு. மெஷினை உருட்டிப்போய் அதில் சொருகினேன். அவரைத் தாங்கிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே, தேய்த்த சட்டை இல்லாமல் வாசலுக்கு வராத மனிதர். பனியனும் மூக்கில் குழாயுமாக உட்கார்ந்திருந்தார். லிஃப்டில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார்.

"என்னங்க, இது காமன் லைனாச்சே. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் மிக்ஸியத் தூக்கிட்டு வருவாங்க."

"இது மிக்ஸி இல்லைங்க."

"புரியுது. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

கழற்றச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் கரண்ட் வரும்வரை மெஷின் அங்கேயே ஓடியது.

மறு வாரம் அந்த பிளக்குக்கு மேல் பெட்டி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சங்கக் கூட்டத்தில், எங்கள் வீட்டுக்கு ஒரு லைன் இழுத்துத் தரும்படி கேட்டேன். ஜெனரேட்டர் தாங்காது என்றார்கள். அதே கூட்டத்தில் மீட்டிங் ஹால் ஏசியை ஜெனரேட்டரில் சேர்க்கத் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இனிமே யார்கிட்டயும் போய்க் கேக்காதே" என்றார் அவர்.

அதன்பின் கட்டிலுக்கடியில் கூடுதலாகச் சிலிண்டர்கள் வாங்கி வைத்தோம். மழைக்காலத்தில், கரண்ட் இருந்த ஒரு மத்தியானம், அவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த செயலாளர், "எந்த உதவின்னாலும் தயங்காம கேளுங்க" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.